விதைத்தவர் கணக்குக்கு நிவாரணம் வரட்டும்: வருவாய்த் துறைக்கும் வேளாண் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும், வேளாண்மை - உழவர் நலத் துறைக்கும், அவற்றின் அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நாகை மாவட்டத்தின் கடைமடையில், அதாவது பாசன வாய்க்கால் போய் முடிகிற பகுதியில், சம்பா நெல் சாகுபடி செய்கிறவன் நான். ஏழு மா சொந்தம், ஒன்பது மா குத்தகை (மூன்று மா ஒரு ஏக்கர்). பயிர்ச் சேத நிவாரணம் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல். வெள்ளத்திலோ புயலிலோ பயிர் அழியும்போது அரசு தருகிற பணம், பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. அந்தப் போகத்தில் அந்த நிலத்தில் விதைத்தவர் யாரோ அவருக்கு அது வர வேண்டும். விதைத்தவர் யார் என்று வெள்ளம் வடிந்த பிறகு தேடாமல், விதைக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

இப்போது நடக்கிற முறை உங்களுக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கிற நகரத்து மக்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு முக்கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் போடுகின்றன. அதிலிருந்து யாருக்கு எவ்வளவு தரலாம் என்பதற்கு ஒன்றிய உள்துறை ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்குமான நெறிமுறைப்படி, சேதம் 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், பாசன வசதியுள்ள பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்குத்தான். மழை விட்டதும் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையின் உதவி அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்துப் பட்டியல் எடுப்பார்கள். சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் கேட்பார்கள். சில மாதம் கழித்துப் பணம் கணக்கில் விழும்.

17,000 என்பதை எங்கள் கணக்கில் சொன்னால் மாவுக்கு 2,290 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு 6,900-ஐத் தொடாது. உழவு, விதை, அண்டை வெட்டு, இரண்டு களை, யூரியா, டிஏபி, பூச்சி மருந்து என்று எங்கள் பக்கம் அறுவடை மிஷினைக் கூப்பிடுவதற்கு முன்பே ஏக்கருக்கு 20,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. குத்தகை நெல் அதற்கு மேல். இந்தத் தொகை இழப்பீடு கிடையாது, அடுத்த சாகுபடிக்குக் கைகொடுக்கிற இடுபொருள் உதவி என்றுதான் நெறிமுறை சொல்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும். அடுத்த சாகுபடிக்குக் கை கொடுப்பதுதான் நோக்கம் என்றால், அந்த உதவி அடுத்த சாகுபடியைச் செய்யப் போகிற ஆளிடம் அல்லவா வந்து சேர வேண்டும்?

தொகையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் சம்பா அழிந்தபோது அன்றைய அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் தந்தது. 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்தபோது இன்னொரு கட்சியின் அரசும் 20,000 தந்தது. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, நிவாரணம் 13,500-லிருந்து 17,000 ஆக உயர்த்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து விழுப்புரம், கடலூர் பக்கம் ஊர்களே மூழ்கியபோதும் அதே 17,000 தான். பத்து மாதம் முன்பு 20,000 பெற்ற ஒரு விவசாயிக்கு 17,000 எப்படி உயர்வாகும்? 20,000-ஐ அடிப்படையாக வைத்து, உரவிலையும் டீசல் விலையும் ஏற ஏற அதையும் ஏற்றிக்கொண்டு போங்கள். தொகையைப் பற்றி எல்லாச் சங்கங்களும் பேசுகின்றன, குறைதீர்க்கும் கூட்டங்களிலும் மாதாமாதம் பேசப்படுகிறது. அதனால் அதை இத்துடன் விடுகிறேன். யாருக்கு என்கிற கேள்வியைத்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

டெல்டாவில் நிலம் எப்படிக் கைமாறியிருக்கிறது என்பதை நீங்கள் ஊர் ஊராகப் பார்த்தால் தெரியும். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் சென்னையில், திருச்சியில், பெங்களூரில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். சிலருடைய பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் பத்து ஊரில். இன்னொரு பெரும் பங்கு கோவில், மடம், அறக்கட்டளை நிலம். இந்த நிலங்களில் சேற்றில் இறங்குகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பலர், 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது யாருக்காக அது வந்ததோ அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், பேரன்கள். அன்று கூலிக்கு நட்டவர்களின் வீட்டார் இன்று கடன் வாங்கிக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே சாகுபடி செய்கிறார்கள். மழை அடித்தால் நஷ்டம் முழுக்க அவர்களுடையது. விதை நெல்லுக்கு நகையை அடகு வைத்தது அந்த வீட்டுப் பெண்தான். நிவாரணப் பட்டியலில் அந்த வீட்டில் ஒருவர் பெயரும் இருக்காது.

குத்தகைதாரரும் நிவாரணம் பெறலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஏட்டில் பெறலாம்தான். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் அவர் பெயரில் அடங்கல் தர வேண்டும். அவர் உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்பார். உரிமையாளர் கையெழுத்துப் போட மாட்டார். அங்கேயே முடிந்துவிடும்.

உரிமையாளர் ஏன் போட மாட்டார் என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்களில் எல்லாரும் பெரிய மிராசுதார்கள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், கணவரை இழந்த அம்மா இருக்கிறார், ஐந்து மா நிலத்தை மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருப்பவர் இருக்கிறார். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி காக்கிறது. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், அந்தக் குத்தகைதாரரின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். வெளியேற்றத்துக்குப் பயந்து வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களை அவை காப்பாற்றின. ஆனால் அந்தச் சட்டங்களை நினைத்துப் பயந்தே, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று இன்றைய உரிமையாளர் நினைக்கிறார். அதனால் எழுத்தே இல்லாத வாய்மொழிக் குத்தகை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுவதும் உண்டு. சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர் இன்று எந்தக் கணக்கிலும் இல்லாமல் நிற்கிறார்.

கோவில் நிலத்தில் வேறு சிக்கல். அங்கே குத்தகைதாரர் பெயர் பதிவில் இருக்கும், பல நேரம் அப்பா பெயரில் அல்லது தாத்தா பெயரில். சாகுபடிச் சான்று வேண்டுமென்றால் குத்தகை பாக்கி இருக்கக் கூடாது. வெள்ளம் வந்த வருடம் குத்தகை நெல்லை எங்கிருந்து அளப்பது? அந்த வருடம் பாக்கி விழும். அந்தப் பாக்கியால் அடுத்த வருடம் சான்று கிடைக்காது. சான்று இல்லாததால் அந்த வருடத்துச் சேதத்துக்கு நிவாரணம் இல்லை, அதனால் மறுபடி பாக்கி. பேரிடர் என்று அரசே அறிவித்த வருடத்தின் பாக்கியைக் காரணம் காட்டிச் சான்றை நிறுத்தக் கூடாது என்று இந்து சமய அறநிலையத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். இதற்குச் சட்டம் திருத்த வேண்டியதில்லை.

என் ஒன்பது மாவின் கதையையும் சொல்கிறேன். 2023 பிப்ரவரி மழையில் அதில் கதிர் முழுக்கத் தரையில் கிடந்தது. குனிந்து பார்த்தால் பச்சையாக முளை. பார்க்க வந்த அலுவலர்கள் நல்ல மனிதர்கள், சேதத்தைக் குறைத்து எழுதவில்லை. ஆனால் பட்டாதாரர் பெயரைத்தான் எழுத முடியும் என்றார்கள். அந்த மூன்று ஏக்கருக்குச் சுமார் 24,000 ரூபாய், சென்னையில் இருக்கும் உரிமையாளர் கணக்கில் ஏறியது. அவரே போன் செய்து, "அண்ணே, நெல்லுக்குன்னு பணம் வந்திருக்கு, பாதி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அனுப்பவும் செய்தார். அந்த வருடம் குத்தகையும் முழுதாகக் கேட்கவில்லை. நல்ல மனிதர், நன்றாக இருக்க வேண்டும். ஆனால் எங்கள் வாய்க்காலின் அடுத்த கரையில் சாகுபடி செய்கிற ஒரு அக்காவுக்கு அப்படி ஒரு போன் வரவில்லை. அவர் கேட்கப் போனதற்கு அடுத்த வருடம் நிலமே கையை விட்டுப் போனது. ஒரே மழை, ஒரே அளவு சேதம், ஒரே அரசாணை. அரசுப் பணம் ஒருவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் நிலக்காரரின் குணத்தைப் பொறுத்து இருப்பதை நீங்கள் எப்படி ஏற்கிறீர்கள்?

நெறிமுறையில் இதற்கு இடமில்லை என்ற பதிலையும் கேட்டிருக்கிறேன். நெறிமுறைக்கு மேலே போன அனுபவம் உங்கள் துறைக்கே நிறைய உண்டு. 2018 நவம்பர் 16 விடியலுக்குள் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி வரை தென்னையை வேரோடு சாய்த்தது. பல்லாண்டுப் பயிருக்கு அப்போது ஹெக்டேருக்கு 18,000 தான் நெறிமுறை. அரசு அதைத் தள்ளி வைத்துவிட்டு, விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை அறுத்து அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று மரத்துக்கு 1,100 கொடுத்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். ஒரு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும் என்பதால் அதுவும் போதவில்லை என்பது வேறு விஷயம். வேண்டும் என்று முடிவெடுத்தால் மாநில நிதியைச் சேர்த்து வழி காண முடியும் என்பதற்கு அது சாட்சி. மேலே சொன்ன 20,000 ரூபாயும் அப்படி வந்ததுதான். தொகையில் நெறிமுறையைத் தாண்டியவர்கள், ஆளைக் கண்டுபிடிப்பதிலும் தாண்டலாம்.

மற்ற மாநிலங்கள் இதில் கொஞ்சம் முயன்று பார்த்திருக்கின்றன. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2011-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, குத்தகைச் சாகுபடியாளருக்கு ஒரு வருடம் செல்லும் அட்டை கொடுத்தார்கள். கடனும் இடுபொருளும் நிவாரணமும் அதைக் காட்டி வாங்கலாம். ஆனால் அந்த அட்டையால் நிலத்தின் மேல் எந்த உரிமையும் வராது. 2019-ல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. பதினோரு மாத அட்டை, அதற்கு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பழைய இடத்திலேயே வந்து முட்டிக்கொண்டது அது. ஒடிசாவில் 2019-ல் வந்த காலியா என்ற உழவர் உதவித் திட்டத்தில் நிலமில்லாத வேளாண் குடும்பங்களையும் சேர்த்தார்கள். இவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது: சான்று ஒரு போகத்துக்கு மட்டும் செல்ல வேண்டும், நில உரிமையை அது தொடாது என்பது சட்டத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்து கட்டாயமாக இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வேலைக்கு ஆகாது.

கையெழுத்து இல்லாமல் யார் சாகுபடியாளர் என்று எப்படித் தெரியும்? பொய்யாக ஆள் கிளம்ப மாட்டார்களா? இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு ஊரிலேயே பதில் இருக்கிறது. எங்கள் ஊரில் எந்த வயலை யார் உழுகிறார் என்பது டீக்கடையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கிராம உதவியாளருக்குத் தெரியும். டிராக்டர்காரருக்கும் உரக்கடைக்காரருக்கும் நிச்சயம் தெரியும், அவர்கள் கடன் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தகவலைக் கணக்கில் ஏற்றும் இடம்தான் இல்லை.

அந்த இடத்துக்குக் கிராம சபையைப் பயன்படுத்துங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் அக்டோபர் 2-உம் நவம்பர் 1-உம் சம்பாவுக்கு என்றே வைத்த மாதிரி விழுகின்றன. நேரடி விதைப்பு முடிந்து, நடவும் பெரும்பாலும் முடியும் சமயம். அக்டோபர் 2 அன்று சர்வே எண் வாரியாக யார் சாகுபடி செய்கிறார் என்ற வரைவுப் பட்டியலைச் சபையில் வாசியுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டுங்கள். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி போகட்டும். அதிலேயே, இந்தப் பதிவால் உங்கள் உரிமைக்கு எந்தக் குறையும் இல்லை என்ற வரியும் இருக்கட்டும். ஆட்சேபம் இருந்தால் வருவாய் ஆய்வாளர் வயலுக்கு வந்து பக்கத்து வயல்காரர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும். நவம்பர் 1 அன்று இறுதிப் பட்டியல். அப்புறம் அதே பட்டியலை வைத்துப் பயிர்க் காப்பீடும் செய்யலாம், சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15 தானே. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் அதற்கும் அதே அடங்கலைத்தான் கேட்கிறார்கள்.

அடங்கல் என்பது எதற்காக வந்த கணக்கு? ஒவ்வொரு பசலியிலும் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) எந்தப் புலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுதுவதற்காக. உட்கார்ந்த இடத்தில் பட்டாவைப் பார்த்து எழுதுவதற்கு அது வரவில்லை. 2024 கடைசியில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயல்வெளிக்கு அனுப்பி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு செய்தீர்கள். அந்தப் பிள்ளைகள் பாம்புக்கும் சேற்றுக்கும் நடுவே வரப்பு வரப்பாக நடந்தார்கள். அதை அடுத்தடுத்த போகங்களிலும் செய்யும்போது, பயிரின் படத்தோடு சாகுபடி செய்பவரின் பெயரையும் எடுத்து அதையே நிவாரணத்துக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். 2025-ல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்க ஆரம்பித்தீர்கள். அது பட்டாவோடு இணைக்கப்பட்ட எண். இனி எல்லாத் திட்டமும் அந்த எண் வழியாகத்தான் என்று ஆகிவிட்டால், குத்தகைச் சாகுபடியாளர் அடியோடு விடுபட்டுப் போவார். ஒன்றிய அரசின் உழவர் உதவித்தொகைத் திட்டமான பிஎம் கிசானில் நிலம் உள்ளவருக்கு மட்டும் என்று வைத்து அவரை விட்டுவிட்டதை நாங்கள் பார்த்தோம். அதே அடித்தளத்தின் மேல் பேரிடர் நிவாரணத்தையும் கட்டிவிடாதீர்கள். நிலமில்லாத சாகுபடியாளருக்கும் ஒரு எண் கொடுக்க இப்போதே வழி செய்யுங்கள்.

கணக்கெடுப்பு நடக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்திலும், தண்ணீர் வடிந்ததும் கணக்கெடுப்பு நடக்கும் என்று அறிவிப்பு வருகிறது. கடைமடையில் வடிகால் தூர்ந்து கிடக்கிறது, கடல் ஏற்றம் வேறு. பத்து நாள் தண்ணீர் நிற்கும். நவம்பரில் இளம்பயிர் ஒரு வாரம் மூழ்கினாலே அழுகிவிடும். தண்ணீர் வடிந்த அன்றே விவசாயி கடன் வாங்கி நாற்று தேடி ஓடுவான். எங்கேயாவது மிச்ச நாற்று கிடைத்தால் மறுநடவு செய்துவிடுவான். பருவம் காத்திருக்காது. அலுவலர் வரும்போது வயல் பச்சையாக இருக்கும். சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார். தூங்கிக் கிடந்தவனுக்கு நிவாரணம், ஓடி ஓடி மறுநடவு செய்தவனுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அறுவடை நேர மழையிலும் இதேதான். முளைக்கிற நெல்லைக் கணக்கெடுப்பு வரும்வரை யாராலும் போட்டு வைக்க முடியாது. கிடைத்த விலைக்கு பெல்ட் அறுவடை மிஷினை இறக்கி அறுத்தால், பார்ப்பதற்கு வயலில் அறுத்த நெல் தாள்தான் இருக்கும்.

தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். விவசாயி தன் போனில் எடுக்கும், இடமும் நேரமும் பதிவாகும் படத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுநடவுக்குத் தனி உதவி என்பது புதிதாகக் கேட்கிற விஷயமும் இல்லை. 2021 நவம்பரில் மூழ்கிய சம்பாவை மறுபடி சாகுபடி செய்ய, குறுகிய கால விதை, நுண்ணூட்டம், யூரியா, டிஏபி என்று ஹெக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்புள்ள இடுபொருள் கொடுத்தீர்கள். நல்ல ஏற்பாடு. அதை அந்த ஒரு வருடத்து அறிவிப்பாக விட்டுவிடாமல் நிரந்தர விதியாக்குங்கள். வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்குள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் விதை இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வரும் குறுகிய கால விதையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

நிலமே இல்லாமல் ஆடு மேய்த்துப் பிழைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நிலைமை எங்களைவிட மோசம். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருகிறார்கள். எங்கள் வயலில் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுகிறார்கள். அந்த ஆட்டுப் புழுக்கைக்கு ஈடான எருவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மழைக்காலத்தில் மேட்டு நிலம் தேடிப் போய்விடுவார்கள். வருடத்தின் பெரும்பகுதி சொந்த ஊரில் இருப்பதில்லை. கோடை மழையோ தை மாத மழையோ இரண்டு நாள் விடாமல் ஊற்றினால் திறந்தவெளியில் குட்டிகள் விறைத்துச் செத்துப்போகும். கீதாரி எந்த அலுவலகத்துக்குப் போவார்? ரேஷன் கார்டு வேறு மாவட்டம். இங்குள்ள கிராம நிர்வாக அலுவலருக்கு அவர் வெளியூர்க்காரர், சொந்த ஊர் அலுவலருக்கு ஆடு செத்த இடம் தன் எல்லையில் இல்லை.

மேலே சொன்ன அதே நெறிமுறை கால்நடைக்கு என்ன வகுத்தது? கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு மூன்று வரை, ஆடு முப்பது வரை. இன்று சந்தையில் ஒரு நல்ல பெட்டை ஆட்டை 4,000 ரூபாய்க்கு யாரும் தர மாட்டார்கள். ஒரு கிடையில் பல குடும்பங்களின் ஆடுகள் சேர்ந்து இருக்கும். அத்தனையையும் ஓட்டி வந்த ஒருவர் பேரில் எழுதி முப்பதோடு நிறுத்துவது சரியில்லை. ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் தனிக் குடும்பமாக எண்ணுங்கள். செத்த இடத்திலேயே, எந்த மாவட்டமானாலும், மனுவை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய தடை பிரேதப் பரிசோதனைச் சான்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தொழுவத்தில் கட்டிக் கிடந்த மாடுகளையும் ஆடுகளையும் அடித்துக்கொண்டு போனது. உடலே கிடைக்காத மாட்டுக்கு எந்த மருத்துவர் சான்று எழுதுவார்? இதற்கும் உங்களிடமே ஆதாரம் இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி போடும்போது மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை குத்துகிறீர்கள். யாருடைய மாடு, எந்த ஊர் என்பது கணினியில் இருக்கிறது. வெள்ளம் வந்த கிராமத்தில் கடைசித் தடுப்பூசியின்போது பதிவான மாடு இப்போது தொழுவத்தில் இல்லை, அக்கம்பக்கத்தாரும் சொல்கிறார்கள் என்றால் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிப் பதிவேடு இருக்கிறது, அதைப் பாருங்கள்.

வருகிற பணம் பழைய பயிர்க் கடனில் பிடித்துக்கொள்ளப்படுவதும் நடக்கிறது. வங்கிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லாமல், நிவாரணத் தொகையை எந்தக் கடன் பாக்கிக்கும் ஈடு செய்யக் கூடாது என்ற வரியை அரசாணையிலேயே எழுதுங்கள்.

இவற்றை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கிலும் ஒவ்வொரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற சம்பாவுக்கு முன், ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே சாகுபடியாளர் பதிவைப் பற்றி அறிவியுங்கள். அதற்கான அரசாணை ஆடிப்பெருக்குக்குள் வந்தால்தான் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு அவகாசம் இருக்கும். அவர்களுக்குப் பல கிராமங்களின் பொறுப்பு கூடுதலாகக் கிடக்கிறது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இந்த வேலையையும் அவர்கள் தலையில் ஏற்றினால் மறுபடி பட்டாவைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வட்டத்தை எடுத்துக்கொண்டால், எங்கள் வாய்க்கால் பாசனத்தில் உள்ள குத்தகைச் சாகுபடியாளர்களின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். நிலக்காரர்களிடம் பேசும் பொறுப்பிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. சென்னையில் இருக்கும் அந்தத் தம்பியிடம் நானே முதலில் பேசுகிறேன்.

இப்படிக்கு,
நாகை மாவட்டக் கடைமடையிலிருந்து ஒரு குத்தகைச் சாகுபடியாளர்